மாண்டரின் மீனின் நீலம் எங்கிருந்து வருகிறது?

கேள்வி: பள்ளி விடுமுறையில் பிள்ளைகளோடு ஒரு வண்ணமீன் கடைக்குப் போயிருந்தோம். அங்கே கடல்நீர்த் தொட்டி ஒன்றில் விரல் நீளத்தில் ஒரு மீன். உடம்பெல்லாம் ஆழ்ந்த நீலம். அதன் மேல் ஆரஞ்சு நிறத்தில் வளைந்து நெளிந்த கோடுகள். ‘மாண்டரின்’ என்றார் கடைக்காரர். என் மாமியார் பார்த்த மாத்திரத்தில், “இது சாயம் ஏற்றின மீன், நம்பாதே” என்று சொல்லிவிட்டார். பத்தாம் வகுப்புப் படிக்கும் மகளோ, “விலங்குகளில் நீல நிறமியே கிடையாது, மயில் தோகையில் தெரியும் நீலம் மாதிரி இதுவும் ஒளி செய்யும் வேலை” என்கிறாள். யார் சொல்வது சரி? இவ்வளவு பளிச்சென்று இருந்தால் கடலில் பெரிய மீன்கள் இதை விட்டுவைக்குமா? சின்னவன் வாங்கித் தரச் சொல்லி அடம்பிடிக்கிறான். வீட்டில் வளர்க்க முடியுமா?

— ஒரு வாசகி, தூத்துக்குடி

பதில்: மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் விடை அந்த மீனின் தோலில் தொடங்குகிறது. அதனால் கடைசிவரை தோலை விட்டு அதிகம் விலகாமலே பதில் சொல்கிறேன்.

முதலில் உங்கள் மாமியாரின் சந்தேகம். அது காரணமில்லாத சந்தேகம் அல்ல. மீனுக்குச் சாயம் ஏற்றி விற்பது உண்மையிலேயே நடக்கும் காரியம்தான். நம் நாட்டு ஆறு, குளங்களில் கண்ணாடி மீன் என்று ஒன்று உண்டு. அறிவியல் பெயர் பாரம்பாசிஸ் ரங்கா. உடலுக்குள் இருக்கும் முள்ளெலும்பு வெளியே தெரிகிற அளவுக்கு ஒளி ஊடுருவும் மீன் அது. அந்தப் பாவப்பட்ட மீனின் முதுகிலும் வயிற்றோரத்திலும் ஊசியால் பளபளக்கும் சாயத்தைச் செலுத்தி, இளஞ்சிவப்பு, பச்சை, நீலம் என்று பல நிறங்களில் வண்ணமீன் சந்தைக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஊசிக்குப் பல மீன்கள் செத்துப்போகும். பிழைத்தவற்றின் நிறமும் சில மாதங்களில் மங்கிவிடும். உங்கள் மாமியார் அப்படி ஒன்றை எங்கோ பார்த்திருக்கலாம்.

ஆனால் சாயம் ஏற்றிய மீனைக் கண்டுபிடிப்பது எளிது. ஊசி போட்ட இடத்தைச் சுற்றி நிறம் திட்டுத் திட்டாக நிற்கும், துடுப்பில் ஏறாது. நீங்கள் பார்த்த மீனில் நீலமும் ஆரஞ்சும் தலையிலிருந்து தொடங்கி, கன்னத்தில் சுழித்து, துடுப்புகளின் நுனிவரை ஓடியிருக்கும். ஒரு நிறம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடம் கத்தரித்த மாதிரி தெளிவாக இருக்கும். எந்த ஊசியாலும் அந்த வேலைப்பாட்டைச் செய்ய முடியாது. மாண்டரின் மீனின் நிறம் அதனுடைய சொந்த நிறம். சிங்கிரோபஸ் ஸ்பிளெண்டிடஸ் என்பது அதன் அறிவியல் பெயர். பிலிப்பைன்ஸில் மீன்வளத் துறையில் பணியாற்றிய ஆல்பர்ட் ஹெர்ரே என்ற அமெரிக்க அறிஞர் 1927-இல் அதை முதன்முதலாக விவரித்து எழுதினார்.

அடுத்து உங்கள் மகள். அந்தப் பிள்ளையைப் பாராட்ட வேண்டும். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது மீன்களுக்கு அவள் சொன்னது பொருந்தும். அவள் தடுக்கி விழுந்தது அந்த மீதி ஒன்றில். அந்த ஒன்றுதான் நீங்கள் தொட்டியில் பார்த்த மீன் என்பது இந்தக் கேள்வியின் அழகு.

நிறம் இரண்டு வழிகளில் உண்டாகும். ஒன்று, நிறமியால். நிறமி என்பது வெள்ளொளியில் சில நிறங்களை விழுங்கிவிட்டு மிச்சத்தை நம் கண்ணுக்கு அனுப்பும் வேதிப்பொருள். மஞ்சளின் மஞ்சள், ரத்தத்தின் சிவப்பு, தலைமுடியின் கறுப்பு எல்லாம் நிறமிகள். இன்னொன்று, அமைப்பால். இங்கே நிறமுள்ள பொருள் எதுவும் தேவையில்லை. மிக மெல்லிய தகடுகள் அடுக்கடுக்காக இருந்தால், ஒவ்வொரு அடுக்கிலிருந்தும் திரும்பும் ஒளியலைகள் ஒன்றோடொன்று சேரும். சில நிறங்கள் சேர்ந்து வலுக்கும், சில ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். இதற்குக் குறுக்கீட்டு விளைவு என்று பெயர். மழை பெய்த சாலையில் பெட்ரோல் சிந்திய இடத்தில் வானவில் நிறங்கள் தெரிகிறதே, அதேதான். பெட்ரோலுக்கும் நிறமில்லை, தண்ணீருக்கும் நிறமில்லை. படலத்தின் தடிமன்தான் நிறத்தைத் தீர்மானிக்கிறது.

மயில் தோகையின் நீலமும் மீன்கொத்தியின் முதுகு நீலமும் இப்படி அமைப்பால் வருபவை. மயிலிறகைப் பொடியாக அரைத்துவிட்டால் நீலம் போய்விடும். கையில் மிஞ்சுவது பழுப்புத் தூள்.

மீன்களில் இந்த வேலையைச் செய்வது குவானின் என்ற பொருள். நம் மரபணுவில் இருக்கும் அதே குவானின்தான். மீன் தோலில் அது மெல்லிய படிகத் தகடுகளாக அடுக்கப்பட்டிருக்கும். நெத்திலி, சாளையின் வெள்ளிப் பளபளப்பு அதனால் வருவது. வாளை மீன் கழுவும்போது விரலில் வெள்ளிப் பொடியாக ஒட்டிக்கொள்வதும் அதுதான். இந்தத் தகடுகளின் இடைவெளி ஒரு குறிப்பிட்ட அளவில் சீராக அமைந்தால் வெள்ளிக்குப் பதில் நீலம் தெரியும். குவானின் தகடுகளைத் தாங்கும் செல்லுக்கு இரிடோஃபோர், அதாவது ஒளி திருப்பும் செல், என்று பெயர். ‘ஃபைண்டிங் நீமோ’ படத்தில் வரும் டோரியை உங்கள் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கும். அந்த நீல மீனின் நீலம் இப்படிப்பட்டது. தொட்டிகளில் கூட்டமாகத் திரியும் நியான் டெட்ராவின் நீலப் பட்டையும் இப்படிப்பட்டதே. விளக்கை அணைத்து இருட்டில் வைத்திருந்தால் அந்தப் பட்டை ஊதாவாக மாறும். தகடுகளின் இடைவெளி மாறுவதுதான் காரணம்.

விலங்குகள் ஏன் நீல நிறமியைச் செய்துகொள்ளாமல் இப்படிச் சுற்றிவளைக்கின்றன என்று மகள் அடுத்துக் கேட்பாள். கேட்க வேண்டிய கேள்விதான். ஒரு பொருள் நீலமாகத் தெரிய வேண்டுமானால் அது சிவப்பையும் மஞ்சளையும் விழுங்க வேண்டும். சிவப்பு ஒளியின் துகளுக்கு ஆற்றல் குறைவு. அவ்வளவு சிறிய ஆற்றலுக்கு அசைந்துகொடுக்கும் எலெக்ட்ரான்கள் உள்ள மூலக்கூறு வேண்டும். அதற்கு நீண்ட, சிக்கலான கட்டமைப்பு தேவை. நீலத்தை விழுங்கி மஞ்சளாகவோ சிவப்பாகவோ தெரியும் மூலக்கூறுகள் அதைவிட எளியவை. போதாக்குறைக்கு, அவற்றில் பலவற்றை விலங்குகள் தாமே செய்ய வேண்டியதுகூட இல்லை, உணவிலிருந்தே கிடைத்துவிடும். கேரட்டின் ஆரஞ்சும் இறாலின் சிவப்பும் சேர்ந்த கரோட்டினாய்டு குடும்ப நிறமிகள் அப்படி வருபவை. நீலத்துக்கு அந்த வசதி இல்லை.

ஒரு திருத்தம் மட்டும் சொல்லிவிடுகிறேன். முரல் மீன் வாங்கியிருப்பீர்கள். சமைத்த பிறகும் அதன் முள் பச்சையாக இருக்கும். கெட்டுப்போன மீனோ என்று பயந்து தூக்கிப் போட்டவர்களும் உண்டு. அது பித்தத்திலிருந்து வரும் பிலிவெர்டின் என்ற நிறமி. சாப்பிடுவதால் ஒன்றும் ஆகாது. இப்படிப் பச்சைக்கும் நீலத்துக்கும் பக்கத்தில் வரும் நிறமிகள் விலங்குகளில் அங்கங்கே உண்டு. ஆனால் அவை திசுக்களில் ஊறிக் கிடப்பவை. தோலில் தனிச் செல் கட்டி, அதற்குள் நீல நிறமியைச் சேமித்து, படம் வரைவதற்குப் பயன்படுத்துவது வேறு சங்கதி.

மாண்டரின் மீன் அதைத்தான் செய்கிறது.

மீன் தோலில் நிறம் தாங்கும் செல்களுக்கு குரோமட்டோஃபோர்கள், அதாவது நிறச்செல்கள், என்று பெயர். கறுப்புக்கு ஒரு வகை, சிவப்புக்கு ஒரு வகை, மஞ்சளுக்கு ஒரு வகை, வெள்ளைக்கு ஒரு வகை, மேலே சொன்ன ஒளி திருப்பும் வகை என்று வகுத்து வைத்திருந்தார்கள். நீல நிறச்செல் என்ற பிரிவே பட்டியலில் இல்லை. 1995-இல் ஜப்பானின் தோஹோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மகோதோ கோடா, ரியோஸோ ஃபுஜீ என்ற இருவர் மாண்டரின் மீனின் தோலை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்கள். அதன் நெருங்கிய உறவான புள்ளி மாண்டரினின் தோலையும் பார்த்தார்கள்.

அமைப்பு நீலத்தையும் நிறமி நீலத்தையும் பிரித்தறிய ஓர் எளிய வழி இருக்கிறது. ஒளியை மேலிருந்து விழச் செய்யாமல் கீழிருந்து தோலுக்குள் ஊடுருவ விட வேண்டும். அமைப்பால் வந்த நீலமானால் அப்போது மறைந்துவிடும், ஏனெனில் அது திரும்பி வரும் ஒளியில் மட்டும் உண்டாவது. நிறமியானால் மறையாது. நீல மையைக் கண்ணாடியில் தடவி எந்தப் பக்கம் பார்த்தாலும் நீலம்தானே. மாண்டரின் தோலில் நீலம் மறையவில்லை. கிளை கிளையாக விரிந்த செல்கள், அவற்றுக்குள் நீல நிறமி நிரம்பிய நுண்ணிய பைகள். அந்தச் செல்லுக்கு சயனோஃபோர், அதாவது நீலச்செல், என்று பெயர் வைத்தார்கள். முதுகெலும்புள்ள விலங்குகளில் நிறமியால் நீலம் காட்டும் செல் முதன்முதலாக அடையாளம் காணப்பட்டது இந்த இரண்டு சின்ன மீன்களில்தான்.

இன்னொன்றையும் கவனித்தார்கள். நார்அட்ரினலின் என்ற நரம்புச் சுரப்பு பட்டதும், செல் முழுக்கப் பரவிக் கிடந்த நீலப் பைகள் நடுவே வந்து குவிந்தன. அதாவது அந்த நீலம் பூசி வைத்த வண்ணம் அல்ல. நரம்பின் கட்டளைக்குக் கட்டுப்பட்டுப் பரவும், சுருங்கும். மீன் வெளிறவும் முடியும், மறுபடி அடர்நீலம் ஆகவும் முடியும்.

மகளிடம் ஒரு வேலை கொடுங்கள். அடுத்த தடவை அந்தக் கடைக்குப் போனால் மாண்டரின் மீனைத் தொட்டியின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம்வரை நகர்ந்தபடியே பார்க்கச் சொல்லுங்கள். பிறகு நியான் டெட்ராவை அதேபோல் பார்க்கட்டும். டெட்ராவின் நீலம் அவள் நகர நகரச் சாயல் மாறும். மாண்டரினின் நீலம் எந்தக் கோணத்திலும் ஒரே நீலமாக இருக்கும். ஆய்வகம் இல்லாமலே அவள் தன் கண்ணால் வித்தியாசத்தைப் பார்த்துவிடுவாள்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. பளிச்சென்று இருக்கும் மீனைப் பெரிய மீன் ஏன் விட்டுவைக்கிறது?

நிறம் இருந்தால் எதிரிக்குத் தெரியும், தெரிந்தால் தின்னும் என்று நாம் நினைக்கிறோம். இதில் இரண்டு இடங்களில் பிசகு இருக்கிறது. முதலாவது, கடலில் அந்த மீன் நாம் படத்தில் பார்க்கும் அளவுக்குப் பளிச்சென்று தெரிவதே இல்லை. சிவப்பு, ஆரஞ்சு ஒளியைக் கடல்நீர் முதல் சில மீட்டரிலேயே உறிஞ்சத் தொடங்கிவிடுகிறது. மாண்டரின் வாழ்வது கரையோரத்தின் அமைதியான, சற்றே கலங்கிய பவளத் திட்டுகளில்; ஒரு மீட்டர் ஆழத்திலிருந்து ஏறத்தாழ பதினெட்டு மீட்டர் ஆழம்வரை. பகல் வெளிச்சத்தில் உடைந்த பவளக் கிளைகளின் இடுக்குகளைவிட்டு அதிகம் வெளியே வராது. நாம் பார்க்கும் படங்கள் எல்லாம் முக்குளிப்பவர் மீனின் மூஞ்சிக்கு நேரே பளீரென்று விளக்கடித்து எடுத்தவை. கடைத் தொட்டியில் தலைக்கு மேலேயே விளக்கு. அந்தி மங்கலில், பவளக் கிளைகளின் நிழலுக்கு நடுவே, வளைந்து வளைந்து ஓடும் கோடுகள் மீனின் உருவத்தையே உடைத்துவிடுகின்றன. தலை எது, வால் எது என்று பிடிபடாது.

இரண்டாவது பிசகு முக்கியமானது. தெரிந்தால் தின்னும் என்பது ருசியான மீனுக்குத்தான் பொருந்தும்.

மாண்டரினுக்குச் செதில் கிடையாது. ஒன்றுகூடக் கிடையாது. மீனுக்குச் செதில் கவசம்; நோய்க்கிருமிக்கும் பல்லுக்கும் குறுக்கே நிற்பது. அது இல்லாத இந்த மீனின் தோல் முழுக்கத் தடித்த கோழைப் படலம் மூடியிருக்கிறது. அந்தக் கோழை கசக்கும், நாறும். இவோன் சாடோவி, ஜான் ராண்டால், மரியா ரசோட்டோ ஆகிய மூன்று ஆய்வாளர்கள் 2005-இல் இந்தக் குடும்பத்து மீன்கள் ஆறின் தோலைச் சீவி ஆராய்ந்தார்கள். கோழை சுரக்கும் செல்களோடு வேறொரு வகைச் சுரப்புச் செல்லையும் சில இனங்களில் கண்டார்கள். பிற மீன்களில் நச்சுப் பொருள் சுரக்கும் செல்களின் சாயல் கொண்டவை அவை. கவ்விய வாய் துப்பிவிடும்படி செய்வதுதான் அவற்றின் வேலை என்று கருதப்படுகிறது.

கசக்கும் உடம்பு இருந்து, அது வெளியே தெரியாமல் இருந்தால் பயனில்லை. கடித்துப் பார்த்த பிறகுதான் எதிரிக்குப் புரியும், அதற்குள் இந்த மீனின் உயிர் போயிருக்கும். ஆகவே இப்படிப்பட்ட உயிர்கள் பெரும்பாலும் மறக்க முடியாத நிறத்தைப் பூண்டிருக்கும். ஒருமுறை கடித்துத் துப்பிய மீன் மறுமுறை அந்தக் கோலத்தைக் கண்டதும் ஒதுங்கிப் போகும். உயிரியலில் இதற்கு எச்சரிக்கை நிறம் என்று பெயர். தென் அமெரிக்கக் காடுகளின் நச்சுத் தவளைகள் இதற்குப் பேர்போனவை. தூரத்திலும் மங்கலிலும் உருவத்தை மறைக்கும் அதே கோலம், கிட்டே வந்தவனுக்கு எச்சரிக்கையாகவும் அமைந்துவிடுகிறது. எனக்கு அந்த மீனிடம் மிகவும் பிடித்த விஷயமே இதுதான்.

இதே குடும்பத்தைச் சேர்ந்த மீன்கள் நம் கரையிலும் உண்டு. தட்டையான தலை, மேலே பிதுங்கிய கண்கள், செவுள் திறப்பு தலையின் மேற்புறத்தில் சிறு துளையாகச் சுருங்கியிருப்பது எல்லாம் அப்படியே. ஆனால் உடம்பு மணல் நிறம். மணலில் படுத்துக் கிடக்கும் மீனுக்கு மணல் நிறம்தான் பாதுகாப்பு. இழுவலையில் சிக்கிக் கழிவு மீனோடு கழிந்துபோகும் அவற்றை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மாண்டரின் நம் கடலில் இல்லை. ஜப்பானின் தென்கோடியில் உள்ள ரியூக்கியூ தீவுகள் தொடங்கி பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, பாப்புவா நியூகினி, ஆஸ்திரேலியா வரை, பசிபிக்கின் மேற்கு ஓரம் அதன் வீடு.

எதிரிக்கு அஞ்சி ஓட வேண்டிய அவசியம் இல்லாததால் அதன் நடையுடையே தனி. இடுப்புத் துடுப்புகள் அகலமானவை. அவற்றை ஊன்றிப் பவளத்தின் மேல் நடந்து போகும். நின்று பார்க்கும். இரண்டு அடி நகரும். சின்ன வாயைக் கீழ்நோக்கி நீட்டி எதையோ கொத்தும். மறுபடி நிற்கும். பகலெல்லாம் இதே வேலை. உடம்பு நீளம் ஆறேழு சென்டிமீட்டர், எட்டைத் தாண்டாது.

அந்தியில் மட்டும் ஆளே மாறிவிடும். சூரியன் மறையும் நேரத்தில் பெண் மீன்கள் பவளக் குவியலின் ஒரு குறிப்பிட்ட மூலையில் வந்து கூடுகின்றன. ஆண் வருகிறது, பெண்ணைவிடப் பெரியது, முதுகின் முன்துடுப்பில் நீண்ட முள் கொடி மாதிரி எழுந்து நிற்கும். அதை விரித்துக் காட்டியபடி பெண்ணைச் சுற்றும். பெண் இசைந்தால் ஆணின் இடுப்புத் துடுப்பின் மேல் சாய்ந்துகொள்ளும். இரண்டும் வயிறு ஒட்ட, மெதுவாக, திட்டுக்கு மேலே ஒரு மீட்டர் உயரம்வரை எழும்பும். உச்சியில் ஒரு நொடி நின்று முட்டையும் விந்தும் வெளியிட்டு, சட்டென்று பிரிந்து இடுக்குக்குள் பாய்ந்துவிடும். பெண் ஒரு மாலையில் ஒருமுறைதான் முட்டையிடும். ஆண் அடுத்த பெண்ணைத் தேடிப் போகும். பெண்கள் பெரிய ஆணையே விரும்புகின்றன. சிறிய ஆண் குறுக்கே வந்தால் பெரியது கடித்து விரட்டும்.

நிறமற்ற அந்த முட்டைகள் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. காவல் காக்கத் தாயும் இல்லை, தகப்பனும் இல்லை; நீரோட்டத்தோடு மிதந்து போகும். பன்னிரண்டு முதல் பதினாறு மணி நேரத்துக்குள் பொரிந்துவிடும். இரண்டு வாரம் மிதந்து திரிந்த குஞ்சு பிறகு தரைக்கு இறங்கும். இந்தோனேசியாவின் பண்டா நெய்ரா துறைமுகத்திலும் பிலிப்பைன்ஸின் மலாபாஸ்குவா தீவிலும் இந்த அந்திக் காட்சியைப் பார்ப்பதற்கென்றே முக்குளிப்பவர்கள் வருகிறார்கள். வெள்ளை விளக்கைக் கண்டால் மீன் ஒளிந்துகொள்ளும் என்பதால் சிவப்பு விளக்கு வைத்துக் காத்திருப்பார்கள்.

இப்போது சின்னவனின் கோரிக்கைக்கு வருகிறேன். பகலெல்லாம் எதையோ கொத்தும் என்று சொன்னேனே, அந்த ‘எதையோ’வில்தான் சிக்கல். அதன் முக்கிய உணவு கோப்பிபாட்: இறால், நண்டு வகையைச் சேர்ந்த, பாறையிலும் மணலிலும் ஊர்ந்து திரியும், ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த உயிரி. சிறு புழுக்கள், பொடி நத்தைகள், மீன் முட்டைகளும் தின்னும். எல்லாம் நுணுக்கானவை, எல்லாம் உயிருள்ளவை. நாள் முழுக்க நூற்றுக்கணக்கில் கொத்தினால்தான் வயிறு நிறையும். கடையில் விற்கும் உருண்டைத் தீவனத்தைப் பிடித்துவந்த மாண்டரின் பெரும்பாலும் சீந்துவதே இல்லை. அதற்கு அது உணவாகவே படுவதில்லை.

புதிதாக வைத்த தொட்டியில் கோப்பிபாட் இராது. பல மாதம் பழகி, சிற்றுயிர்கள் குடியேறிய பாறைகளில் கோப்பிபாட் தானே பெருகும் பெரிய கடல்நீர்த் தொட்டி வேண்டும். அதிலும் அதே உணவுக்குப் போட்டியிடும் வேறு மீன் இருக்கக் கூடாது. இல்லையென்றால் மாண்டரின் பட்டினி கிடக்கும். வயிறு உள்வாங்கி, முதுகோரம் குழிந்து, தலை மட்டும் பெரிதாகத் தெரியும். வாரக்கணக்கில் நடக்கும் சாவு அது. நிறம் கடைசிவரை குறையாததால் வீட்டுக்காரருக்கு ஒன்றும் தெரியாமலே போய்விடும். மீன் நோய்வாய்ப்பட்டுச் செத்தது என்று நினைத்து இன்னொன்றை வாங்கி வருவார்கள். உண்மையில் அந்தத் தடித்த கோழை காரணமாக, மற்ற கடல்மீன்களைப் படுத்தும் வெண்புள்ளி நோய்கூட இதை எளிதில் அண்டாது. பெரும்பாலானவை சாவது பசியால்தான்.

கடலில் நடப்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஹாங்காங் பல்கலைக்கழகத்தின் இவோன் சாடோவி தலைமையில் 2001-இல் வெளியான ஆய்வு ஒன்று, பிலிப்பைன்ஸில் இந்த மீனை எப்படிப் பிடிக்கிறார்கள் என்று விவரித்தது. பவள இடுக்குக்குள் வலை நுழையாது. ஆகவே நுண்ணிய முனை கொண்ட சிறு ஈட்டியால் குத்தி எடுக்கிறார்கள். சந்தை கேட்பது கொடிமுள் நீண்ட பெரிய ஆண்களை. பெண் மீன்கள் தேடுவதும் அதே பெரிய ஆண்களைத்தான். பெரியவற்றைப் பொறுக்கி எடுத்துவிட்டால் மாலையில் கூடும் பெண்களுக்கு இணை கிடைப்பதே கஷ்டமாகிவிடும்.

மாற்று வழி இல்லாமல் இல்லை. அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் ஓ.ஆர்.ஏ. என்ற பண்ணை 2010 வாக்கிலேயே மாண்டரின் குஞ்சுகளைத் தொட்டியில் பிறப்பித்து விற்கத் தொடங்கியது. அப்படிப் பிறந்தவை சிறு வயதிலேயே தயாரித்த தீவனத்துக்குப் பழகியவை. ஆனால் நம் ஊர்க் கடைகளில் ‘பண்ணையில் பிறந்தது’ என்று உறுதியாகச் சொல்லி விற்கும் மாண்டரினை எளிதில் எதிர்பார்க்க முடியாது. உறுதி கிடைக்காதவரை வாங்காதீர்கள் என்பதே என் பதில். நீங்கள் வாங்காத ஒவ்வொரு மீனும், கடலிலிருந்து எடுக்கப்படத் தேவையில்லாத ஒரு மீன்.

பையன் மனம் கோணாமல் இருக்க ஒரு யோசனை சொல்கிறேன். உங்கள் கரையிலேயே, மண்டபத்தில், மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையம் இருக்கிறது. கோமாளி மீன்களைக் குஞ்சு பொரிப்பகத்தில் வளர்த்தெடுக்கும் முறையை அந்த நிறுவனம் வகுத்திருக்கிறது. பொரிப்பகத்தில் பிறந்த கோமாளி மீன் உருண்டைத் தீவனத்தைத் தயங்காமல் தின்னும், சிறு தொட்டியிலும் நன்றாக வாழும். அவன் திரையில் பார்த்த நீமோவும் அதுதான். கடைக்காரரிடம், கடலில் பிடித்ததா, பொரிப்பகத்தில் பிறந்ததா என்று முதலில் கேளுங்கள். பிறந்தது என்றால் மட்டும் பணத்தை எடுங்கள்.